திருப்பிப் போட்ட பிடி அரிசி

தில்லைநாயகம் தன் குரு மரகதம்மையை விடப் பத்து வயது மூத்தவர். அதை இருவருமே பொருட்படுத்தியதில்லை. அவர் "அம்மா" என்பார், அம்மை "ஐயா" என்பார். அவ்வளவுதான்.

தில்லைநாயகம் ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்தவர். எதைக் கண்டாலும் அதற்குள் ஒரு தத்துவத்தைப் பிடித்துவிடுவார். தயிர் கடைந்தால் அது தியானம். கொடியில் ஈரப்புடவை காய்ந்தால் அது வைராக்கியம். செருப்பு அறுந்தால்கூடப் பற்றறுத்தலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார், வெறுங்காலோடு.

அம்மையின் ஆற்றங்கரைக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் கூடி, அன்று கண்ணில் பட்ட ஒரு பொருளைச் சொல்லி, அது தனக்கு எதைக் காட்டியது என்றும் சொல்ல வேண்டும். அந்த மாலைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறையும். சுக்குக் காப்பி சுற்றி வரும். தில்லைநாயகம் வாயைத் திறந்துவிட்டால் எல்லோருடைய காப்பியும் ஆறிப்போகும். ஒருவரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

அவர் மனைவி சௌந்தரம் இறந்த பிறகு அவர் வருவது நின்றுபோனது. மழைக்காலம் கழிந்து ஒரு காலையில் வந்து நின்றார். சட்டை தோளில் தொங்கியது.

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேம்மா. இனிமே வரமாட்டேன்."

"ஏன்?"

"நீங்க சொல்லிக் கொடுத்தது எங்கிட்டேருந்து போயிடுச்சு. விளக்கைப் பாத்தா விளக்குதான் தெரியுது. ஆத்தைப் பாத்தா தண்ணிதான் ஓடுது. முன்னெல்லாம் ஒவ்வொண்ணும் எங்கூடப் பேசும். அவ போனதுலேருந்து எல்லாம் ஊமையாயிடுச்சு."

அம்மை பாயை எடுத்து விரித்தார். அவர் உட்காரவில்லை.

"எம்மனசு செத்துப்போச்சாம்மா?"

"அப்ப கேள்வியோடதான் வந்திருக்கீங்க. அடுப்படிக்குப் போங்க."

அது குடிலின் சட்டம். கேள்வியோடு வருகிறவர் முதலில் எல்லோருக்கும் சோறாக்க வேண்டும். பதில் அதற்குப் பிறகுதான்.

இத்தனை காலம் தில்லைநாயகம் பேச்சுச் சாமர்த்தியத்தால் இதிலிருந்து தப்பித்து வந்தவர். வீட்டிலும் கரண்டி பிடித்தவர் இல்லை. சௌந்தரம் சமைப்பாள், இவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்து மறுநாள் பேச்சுக்கு ஒத்திகை பார்ப்பார். அவள் "உம்" கொட்டிக்கொண்டே வேலை பார்ப்பாள். இன்று தப்பிக்க அவருக்குத் தெம்பு இல்லை. உள்ளே போனார்.

விறகை மூட்டி உலை வைத்தார். அரிசிப் பானையைத் திறந்து உழக்கால் அளந்து முறத்தில் கொட்டினார். கொட்டியதிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பானைக்குள்ளேயே திருப்பிப் போட்டு, மூடினார்.

அம்மை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு?"

"எதும்மா?"

"ஒரு பிடி அரிசியைத் திருப்பிப் போட்டீங்களே."

"நானா? போட்டேனா?"

"போட்டீங்க."

தில்லைநாயகம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றிரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"சௌந்தரம் போடுவா. கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து. வீட்டுல விருந்தாளி இருந்தாலும் போடுவா, அரிசி அடியில கெடந்தாலும் போடுவா. வளையல் பானை விளிம்புல பட்டு ஒரு சத்தம் வரும்."

"எதுக்குப் போட்டாங்க?"

பழைய பேச்சாளருக்குத் தொண்டை தானாகக் கனைத்துக்கொண்டது.

"அதை வச்சு ஒரு சொற்பொழிவே செஞ்சிருக்கேம்மா. எடுக்கிற கை கொடுக்கவும் பழகணும், தான்ங்கிற அகந்தையை ஒவ்வொரு பிடியா திருப்பிக் கொடுக்கிறதுதான் துறவுன்னு. கூட்டத்துல கைதட்டல் அடங்கவே இல்லை."

"அது நீங்க சொன்னது. அவங்க எதுக்குப் போட்டாங்க?"



"தெரியாதும்மா. நான் கேட்டதில்லை."

"ஒரு தடவைகூடவா?"

"தோணவே இல்லையே! ஊருக்கெல்லாம் அர்த்தம் சொன்னேன். பக்கத்துல இருந்தவளை ஒரு வார்த்தை கேக்கலை." அடுப்பின் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாவு வீட்டில்கூட அழாத மனிதர், அன்று குழந்தை போல விசும்பி அழுதார். அம்மை அவரை அழவிட்டார். உலை கொதித்து மூடி ஆடத் தொடங்கியது.

"இப்பக் கேளுங்க ஐயா."

"யாரைப் போய்க் கேப்பேன்? அவதான் இல்லையேம்மா."

அம்மை குனிந்து விறகை உள்ளே தள்ளினார்.

"அப்ப இப்பத் திருப்பிப் போட்டது யாரு?"