துபாஷி இல்லாம ஒரு தடவ

சீடனுக்கு வயசு நாப்பத்தேழு. குருவுக்கு முப்பத்திமூணு. இதுலயே எங்களுக்குப் பாதி சிரிப்பு வந்துடும்.

குரு ரெஹானாக்கா. நாம எழுதற கோட கம்ப்யூட்டர் சிப்புக்குப் புரியற மாதிரி மாத்தற கருவி இருக்குல்ல, கம்பைலர், அதை செய்யறதுதான் அவங்க வேலை. ஞாயித்துக்கிழமை மட்டும் திருச்சி புத்தூர்ல, ஃப்ரேம் போடற கடைக்கு மேல ஒரு ரூம்ல வந்து உக்காருவாங்க. கம்ப்யூட்டர்ல எங்கயாவது முட்டிக்கிட்டவங்க யாரு வேணா போகலாம். வழக்கம் ஒண்ணே ஒண்ணு. அவங்க யாரோட கீபோர்டையும் தொட மாட்டாங்க. கேக்க வந்தவங்களே அடிக்கணும், தப்பா அடிச்சாலும் சரி.

சீடன் இருதயராஜ் சார். அவர் மட்டும்தான் ரெஹானாக்காவ 'ஆசான்'னு கூப்பிடுவாரு, அதுவும் கிண்டலே இல்லாம. வேணாம் சார், கூச்சமா இருக்குன்னு அவங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தாச்சு. சொல்லித் தர்றவங்க ஆசான், இதுல வயசென்னன்னு முடிச்சிடுவாரு.

சர்ச்சுல பாட்டு நம்பர அடிச்சா பாட்டு வரி சுவத்துல பெருசா விழும்ல, அந்த சாஃப்ட்வேர் அவரோடது. திருச்சி, தஞ்சாவூர் பக்கம் நாப்பது சர்ச்சுல ஓடுது. அவரோடதுன்னு சொன்னா பாதிதான் உண்மை. மீதிப் பாதி கோதண்டத்தோடது.

கோதண்டம் அவரோட கூட்டாளி. ஒரே டேபிள்ல எதிரும் புதிருமா பதினோரு வருஷம் உக்காந்து எழுதினவங்க. ஒம்பது வருஷம் முன்னாடி கோதண்டம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிட்டாரு. போறப்ப ரெண்டு பேருக்கும் சண்டை. இது ரூம்ல எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் விட்டுக் கேட்டதில்ல.

போன ஞாயிறு பூசை முடிஞ்சு நேரா மாடி ஏறி வந்தாரு இருதயராஜ் சார். வெள்ளைச் சட்டை, பையில அந்த லேப்டாப்பு. பழைய லேப்டாப்பு பேட்டரி உப்பி, மூடியே மூடாத அளவுக்குப் போனதால ஒம்பது மாசம் முன்னாடி புதுசு வாங்கிருந்தாரு. புதுசுல சிப்பே வேற வகை. அதனால எடிட்டர், கம்பைலர், மத்த சாமான் எல்லாத்தையும் முதல்லேர்ந்து போடணும். எங்க எல்லாருக்குமே அந்த நேரத்துல இதே கதைதான், நான் மூணு நாள் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தேன்.

அவர் ஒரு கஷ்டமும் படல. எல்லாம் ஓடுதும்மான்னாரு.

"அப்புறம் என்ன சார்?"

"ஒரு கேள்விதான் ஆசான். இந்தத் துபாஷி இன்னும் எத்தன நாளைக்கு இருக்கும்?"

துபாஷின்னு நாங்க வச்ச பேரு. பழைய சிப்புக்கு எழுதினத புது சிப்புக்குப் புரியற மாதிரி உடனுக்குடன் மாத்திச் சொல்ற ஏற்பாடு ஒண்ணு அந்த மிஷின்லயே இருக்கு. அது கொஞ்ச காலத்துக்குத்தான், அப்புறம் எடுத்துடுவோம்னு மிஷின் செஞ்சவங்களே சொல்லிட்டாங்களாம். அதப் படிச்சதுலேர்ந்து மனுஷனுக்குத் தூக்கம் இல்லன்னு முகத்துலயே தெரிஞ்சுது.

ரெஹானாக்கா நாள் கணக்கு சொல்லல. "நீ என்ன மிஷின்னு அதையே கேளுங்க சார்"னாங்க.

அதுக்கு ஒரு சின்ன கமாண்டு இருக்கு. கறுப்பு விண்டோவத் திறந்து அடிச்சாரு. பதில் வந்துச்சு. பழைய சிப்போட பேரு.

நான் எட்டிப் பாத்து துள்ளிட்டேன். புது மிஷினு சார், இது பொய் சொல்லுதுன்னேன்.

"பொய் சொல்லலடா. துபாஷிகிட்ட கேட்டா துபாஷிக்குத் தெரிஞ்ச பேரச் சொல்லுது"ன்னாங்க ரெஹானாக்கா.

அந்தக் கறுப்பு விண்டோ எப்பத் திறந்தாலும் துபாஷி வழியாவே திறக்கட்டும்னு ஒரு டிக் போட்டு வைக்கலாம். அவர் முதல் நாளே போட்டிருக்காரு. அதுக்கப்புறம் அவர் போட்ட ஒவ்வொரு சாமானும் நீ என்ன மிஷின்னு கேட்டிருக்கு, பழைய பேரக் கேட்டிருக்கு, பழைய சிப்புக்கான சரக்க இறக்கிட்டுப் போயிருக்கு. ஒம்பது மாசமா அந்தப் புது மிஷினுக்குள்ள புதுசா ஒரு துரும்பு கூடப் போகல. ரூம்ல இருந்த ரெண்டு பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவர் சிரிக்கல.

இத ஆஃபீஸ்ல உக்காந்துதான் அடிச்சிட்டிருக்கேன், நடுவுல மீட்டிங்ல என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, போயிட்டு வந்துட்டேன். எங்க விட்டேன்? ஆங், டிக்.

ஏன் போட்டீங்கன்னு ரெஹானாக்கா கேட்டாங்க.

"ஒரு துண்டு கோடு பழசு இருக்கும்மா."

அந்தத் துண்டு பத்தி எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். 'கொ'ன்னு அடிச்சா கொம்பு முன்னாடியும் காலு பின்னாடியும் வரணும். அந்தக் காலத்துல சுவத்துல கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் சிதறி விழுமாம். ஜனங்க பாதிப் பாட்டுல தடுமாறி நிப்பாங்களாம். கோதண்டம் ரெண்டு மாசம் உக்காந்து எழுத்த ஒழுங்கா வரையற துண்டு ஒண்ணு எழுதிருக்காரு. மனுஷன் மாரியம்மன் கோயிலத் தவிர எங்கயும் போனவரில்ல. ஆனா சோதிச்சு சோதிச்சுப் பாத்து, கடைசில வண்டி ஓட்டறப்ப தவக்காலப் பாட்டு முணுமுணுக்கற அளவுக்கு வந்துட்டாராம். இத சொல்றப்ப இருதயராஜ் சாருக்கு முகம் கொஞ்சம் மலர்ந்துச்சு.

இதுல ஒரு விதி இருக்கு. ஓடற ஒரு ப்ரோக்ராமுக்குள்ள ரெண்டு சிப்போட கோடும் கலந்து இருக்க முடியாது. ஒரு துண்டு பழசுன்னா மொத்தமும் பழசாத்தான் ஓடணும். கோதண்டத்தோட துண்டு பழைய சிப்புக்குக் கட்டினது. அந்த ஒரு துண்டுக்காக இவர் மொத்த மிஷினையும் துபாஷிக்குப் பின்னாடி வச்சிருக்காரு.

"அவர் கையால எழுதின மூலம், அந்த சோர்ஸ் கோடு இருந்தா புது சிப்புக்குத் திரும்பக் கட்டிக்கலாமே சார்"னாங்க ரெஹானாக்கா.

"எங்கிட்ட இல்ல."

"அவர் குடுக்கலையா?"

கொஞ்ச நேரம் கர்ச்சீப்ப மடிச்சுக்கிட்டு இருந்தாரு.

"குடுத்தான். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுல, பஸ்ஸு கிளம்பற நேரம், ஒரு பென் ட்ரைவ நீட்டினான். எல்லாம் இதுல இருக்குடா, வச்சுக்கோன்னான். போறவன் எதுக்குடா விட்டுட்டுப் போற, எடுத்துட்டே போன்னு சொன்னேன். கையத் தட்டி விட்டேன். கீழ விழுந்துச்சு. அவனே குனிஞ்சு எடுத்துக்கிட்டான்."



அதுக்கப்புறம் பொங்கலுக்கும் ஈஸ்டருக்கும் கோதண்டம் வாழ்த்து அனுப்புவாராம். இவர் கட்டைவிரல் படம் ஒண்ணு அனுப்புவாராம். ரெண்டு வருஷமா வாழ்த்தும் இல்ல.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. இப்ப தமிழ் எழுத்து வரையறதுக்கு ரெடிமேடாவே எத்தனையோ இலவசமா கிடைக்குது சார், புது சிப்புல பிரமாதமா ஓடும், அவரோடத எடுத்துட்டு இதப் போட்டா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுதுன்னேன்.

இருதயராஜ் சார் ப்ரோக்ராம ஓட விட்டு ஸ்க்ரீன என் பக்கம் திருப்பினாரு. சுவத்துக்குப் போறது ஒரு விண்டோ. அவர் மட்டும் பாக்கற கறுப்பு விண்டோ இன்னொண்ணு. அந்தக் கறுப்புல, கோதண்டத்தோட துண்டு எந்திரிச்ச உடனே, ஒரு வரி வந்துச்சு.

சாப்டியாடா?

இருதயராஜ் சார் மத்தியானம் சாப்பிடாமயே வேலை பாப்பாராம் அப்பல்லாம். சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு, கோதண்டம் அத கோடுக்குள்ளயே எழுதி வச்சுட்டாராம். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு முன்னாடி சர்ச்சு ஓரத்துல உக்காந்து மிஷின ஆன் பண்ணுவாரு. இது கேக்கும். இவர் பாட்டு நம்பர அடிக்க ஆரம்பிப்பாரு.

"ரெடிமேடு இதக் கேக்குமா தம்பி?"



ரெஹானாக்கா டீய எடுத்து ஒரு வாய் குடிச்சாங்க. "டிக்க எடுங்க சார்"னாங்க.

"எடுத்தா நின்னுடும்."

"நிக்கட்டும்."

ரொம்ப நேரம் அந்தச் சின்னக் கட்டத்தையே பாத்தாரு. அப்புறம் எடுத்தாரு. கறுப்பு விண்டோவ மூடித் திறந்து, நீ என்ன மிஷின்னு மறுபடி கேக்கச் சொன்னாங்க. இந்தத் தடவ புது சிப்போட பேரு வந்துச்சு. அவர் அந்தப் பேர அந்த மிஷின்ல முதல் தடவையா பாக்கறாரு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு சாமானா புதுசுக்கு இறக்கினோம். பழசெல்லாம் ஒரு ஃபோல்டர்ல இருந்துச்சு, புதுசெல்லாம் வேற ஃபோல்டர்ல போய் உக்காந்துச்சு. பழச அழிச்சிடட்டுமான்னு கேட்டாரு.

"எதுக்கு அழிக்கணும்? ரெண்டும் இருக்கட்டும். கூப்பிட்டா எது முதல்ல வருதுங்கறது தான் விஷயம்."

எந்த ஃபோல்டர முதல்ல தேடணும்னு சொல்ற வரி ஒண்ணு இருக்கு. அதுல புதுச முன்னாடி போட்டாரு. நடுவுல வர்ற கோலன், அந்த ரெண்டு புள்ளிய விட்டுட்டாரு, எல்லாமே காணாமப் போச்சு. எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. ரெஹானாக்கா என்னப் பாத்தாங்க, கையக் கட்டிக்கிட்டேன். நாலு தடவ தேடி அவரே கண்டுபிடிச்சாரு.

அவர் எழுதின பாதி புது சிப்புக்குக் கட்டியாச்சு. பழைய சாமான் பேர எதிர்பாத்த ரெண்டு எடத்துல முட்டிச்சு, அவரே திருத்தினாரு. பழையபடி நாலு நிமிஷம் ஆகறது இருபது செகண்டுல முடிஞ்சுது. என்னம்மா இவ்வளவு வேகமான்னு கேட்டாரு. ஒம்பது மாசமா பக்கத்துலயே இருந்த வேகம் தான் சார்னேன். இந்தத் தடவ அவரும் லேசா சிரிச்சாரு.

"இப்ப ஓட்டுங்க"னாங்க ரெஹானாக்கா.

ஓட்டினாரு.

எப்பவும் அந்தக் கேள்வி வர்ற எடத்துல கேள்வி வரல. சிவப்புல ஒரு வரி வந்துச்சு. கோதண்டம்னு ஒரு ஃபைல் இருக்கு, இருக்கறது பழசுக்கானது, வேண்டியது புதுசுக்கானது. அவ்வளவுதான் அதுல.

அவர் அத ரெண்டு தடவ சத்தமில்லாம படிச்சாரு. உதடு மட்டும் அசைஞ்சுது.

"நின்னுடுச்சு ஆசான்."

"ஆமா சார்."

"இத்தன நாளா நிக்க விடாம வச்சிருந்தேன்."

"அதனாலதான் சார் இந்த வரிய நீங்க பாக்கவே இல்ல."

திரும்ப டிக் போட்டுடட்டுமான்னு கேட்டாரு. உங்க மிஷின் சார், போட்டுக்கலாம், அடுத்த ஞாயித்துக்கு அது ஓடும்னாங்க. கை மவுஸுக்குப் போச்சு. அங்கயே நின்னுச்சு. கீழ கடைல சட்டத்துக்கு ஆணி அடிக்கற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு.

"கோதண்டத்துகிட்ட அந்த சோர்ஸ் கோடக் கேட்டு, அவன் அதெல்லாம் அப்பவே அழிச்சிட்டேன்னு சொல்லிட்டான்னா?"

"அது வேற எரர் சார். அது வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"பதிலே போடலன்னா?"



கேட்டுட்டு அவரே ஃபோன எடுத்து டேபிள் மேல வச்சாரு. கோதண்டம்ங்கற பேரத் தொட்டாரு. கடைசியா அனுப்பின கட்டைவிரல் படம் அப்படியே இருந்துச்சு, அதுக்குக் கீழ வெத்து எடம்.

"ஒம்பது வருஷம்மா. என்னன்னு ஆரம்பிக்கறது?"

ரெஹானாக்கா ஸ்க்ரீனப் பாத்தாங்க.

"அந்தச் சிவப்பு வரிய அப்படியே அனுப்புங்க சார். படிக்கத் தெரிஞ்சவர்தானே."