தரையில் இறங்காத உப்பு

கப்பல்களெல்லாம் பாய் விரித்து வந்த காலம் அது, கேளுங்கள் பெரியோரே, குழந்தைகளே. கடற்கரைப் பட்டினம் ஒன்றில் ஆதிச்சனார் என்ற வணிகருக்குப் பெரிய உப்பளம் இருந்தது. அளத்திலிருந்து பண்டகசாலைக்கு நல்ல தூரம், அத்தனையும் மணல். ஆணும் பெண்ணும் கூடை கூடையாக உப்பைத் தலையில் சுமந்து போவார்கள்.

அங்கே ஒரு வழக்கம். உப்பு லட்சுமியாம், வழியில் அவளைத் தரையில் இறக்கக் கூடாதாம். இறக்கியவருக்கு மறுநாள் வேலை இல்லை. இது ஆதிச்சனாரின் பாட்டனார் வைத்த சட்டம். பாட்டனார் ஒரு கூடையாவது சுமந்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள்.

காத்தாயி அங்கே சுமைகாரி. அவள் புருஷன் மாசாணன் அந்த வழியில் சுமந்து சுமந்தே கழுத்து தேய்ந்து, சோற்றை வாய்க்குத் தூக்கவும் கை எழாமல் வீட்டில் கிடந்தான். ஒருநாள் காத்தாயிக்கும் கழுத்து விண்ணென்று தெறித்தது, விரல்கள் மரத்தன. அவளும் படுத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"சுமையை இறக்கணும், ஆனா தரையில படக்கூடாது. அதுக்கு ஒரு வழி பண்ணாம நான் விடமாட்டேன்," என்றாள் கூட்டாளிகளிடம்.

எல்லோருமாகச் சேர்ந்து இரண்டு கருங்கற்களை நட்டு, மேலே ஒன்றைப் படுக்க வைத்தார்கள். காத்தாயியின் கழுத்தளவு உயரம். குனியாமல் கூடையை அதன்மேல் நகர்த்தலாம், கழுத்தை ஆற்றிக்கொள்ளலாம், குனியாமலே திரும்பத் தலைக்கு ஏற்றலாம். இப்படி மணல்மேட்டில் ஒன்று, தாழம்புதர் அருகே ஒன்று, பண்டகசாலைக்குச் சற்று முன்னால் ஒன்று.

ஆதிச்சனார் கேள்விப்பட்டு ஓடிவந்தார். "யாரைக் கேட்டு நட்டீங்க? பேத்து எறியுங்கடா!"

காத்தாயி கல்லை விட்டு நகரவில்லை. "ஐயா, பண்டகசாலையில உப்பைக் கருங்கல் தளத்துலதானே கொட்டுறீங்க? அங்க கோவிச்சுக்காத லட்சுமி இங்க மட்டும் கோவிச்சுக்குவாளா?"

"சோம்பேறிங்களுக்குத்தான் இந்தக் கல்லு!"

"அப்போ நீங்களே ஒரு நடை சுமந்து பாருங்க ஐயா. எங்கேயும் இறக்காம போய்ச் சேந்துட்டீங்கன்னா, நாங்களே பேத்துடுறோம். நானும் வேலையை விட்டுடுறேன்."

கூட்டாளிகள் பதறினார்கள். ஆதிச்சனாரோ நெட்டையான, வாட்டசாட்டமான ஆள். வேட்டியை மடித்துக் கட்டினார், துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார், கூடையைத் தலைக்கு ஏற்றினார்.

முதல் கல்லைச் சிரித்தபடி கடந்தார். இரண்டாம் கல்லைப் பல்லைக் கடித்தபடி கடந்தார். மூன்றாம் கல் வந்தபோது கழுத்து நரம்பு புடைத்தது. காத்தாயி பின்னால் நடந்தாள். அவருக்குப் பண்டகசாலை வாசல் கண்ணுக்குத் தெரிந்தது, கால்தான் நகரவில்லை. குனிந்து, கூடையைக் கல்மேல் இறக்கினார்.

"அப்பாடா!"

யாரும் சிரிக்கவில்லை. காத்தாயி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி கல்லின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார் ஆதிச்சனார்.

"கல்லு தாழ்வா இருக்கு காத்தாயி. குனிஞ்சதுல எனக்கு முதுகு பிடிச்சிக்கிச்சு," என்றார். பிறகு ஆட்களின் பக்கம் திரும்பினார். "நெட்டையானவங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல உசரமா இன்னொண்ணு நடுங்கடா."

மாசாணனின் கை கடைசிவரை எழவில்லை; அவனுக்கு அந்தக் கல் காலம் கடந்துதான் வந்தது. ஆனால் அவனுக்குப் பிறகு அந்த வழியில் சுமந்த யாரும் முடங்கவில்லை.

இதனால் அறிவது: உழைப்பவர் உடம்பு முறிந்தபின் வருந்துவதைவிட, முறியாதபடி வேலையை உடம்புக்குத் தோதாக மாற்றுவதே அறிவு.