மூணு முடிச்சும் முப்பது சதவீதமும்

கடவுள் புத்தி வழங்கிய அன்றைக்கு வாகைப்பட்டியில் கரண்ட் இல்லாமல் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோட்டைச்சாமி, தவசி, சீனிக்குட்டி என்ற மூன்று பேரும் ஒரே ஊரில் பிறந்து, ஒரே சவுண்ட் சர்வீஸ் கடையில் எப்படிக் கூட்டாளிகள் ஆக முடியும்? தங்கமான பிள்ளைகள். குடி கிடையாது, களவு கிடையாது. யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அதுதான் ஐயா பிரச்சினையே!

இதில் கோட்டைச்சாமிக்குக் காதல் வேறு வந்துவிட்டது. பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் கட்டப் போனவன், அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பூங்கோதையைப் பார்த்தான்.

"மைக்கை ஏங்க பேசுறவரோட முதுகுப் பக்கம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் அவள்.

"முன்னாடி வச்சா மூஞ்சி மறைக்குதுன்னு சொன்னாங்க" என்றான் இவன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பயல் அப்பவே கவிழ்ந்துவிட்டான். அவளுக்கும் இவனைப் பிடித்துப்போனதுதான் அதிசயம். "பொய் சொல்றதுக்குக் கொஞ்சமாவது அறிவு வேணும்டி. இவர்கிட்ட அந்தப் பயமே இல்லை" என்று தோழியிடம் சொன்னாளாம்.

பூங்கோதையின் அப்பா தனுஷ்கோடி லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு நிதி நிறுவனத்தில் கடன் கேட்டு வருகிறவர்களைச் சலித்துச் சலித்தே தலை நரைத்தவர். மற்ற அப்பாக்கள் மாப்பிள்ளையின் ஜாதகம் கேட்பார்கள். இவர் கிரெடிட் ஸ்கோர் கேட்டார்.

பெண் கேட்டுப் போன மூன்று பேரும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று போடும் அந்த மார்க்கைக் கோட்டைச்சாமியின் செல்போனில் தட்டிப் பார்த்தார்கள். அறுநூற்று நாற்பது.

"ஒத்தை ஆளா நின்னு அறுநூத்தி நாப்பது எடுத்திருக்கான். இன்னும் என்ன மாமா வேணும்?" என்று தவசி மார்தட்டினான்.

"எழுநூத்தம்பது வேணும்" என்றார் தனுஷ்கோடி.

ஏன் குறைந்தது என்று அவர் துருவினார். விஷயம் இதுதான். மதுரையில் ஒருத்தர், கிரெடிட் கார்டு வாங்கினால் தோள்பை இலவசம் என்றிருக்கிறார். கோட்டைச்சாமி வாங்கினான். ஒரு பைக்கு மூன்று பேரும் சண்டை போட்டதால், சமாதானத்துக்காக இன்னும் இரண்டு கார்டு வாங்கினான். கார்டு கையில் இருக்கிறதே என்று லிமிட் தீருகிறவரைக்கும் ஸ்பீக்கராக வாங்கித் தள்ளிவிட்டான்.

தனுஷ்கோடி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாருங்க தம்பி. லிமிட் அம்புட்டையும் செலவழிச்சா, இவன் கடன்லதான் மூச்சு விடுறான்னு ஸ்கோர் இறங்கும். பாக்கியை அடைங்க. இனிமே கார்டை முப்பது சதவீதத்துக்கு மேல உபயோகிக்காதீங்க. அடுத்தடுத்துப் புதுக் கணக்குத் திறந்தாலும் ஸ்கோர் அடி வாங்கும். அதனால புதுசா எந்தக் கணக்கும் வேண்டாம். தை பிறக்கறதுக்குள்ள ஏறலைன்னா, திருப்பூர்ல எண்ணூறு வச்சிருக்கிற மாப்பிள்ளை ஒருத்தர் ரெடியா இருக்கார்."

கடைக்கு வந்ததும் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து கார்டுகளை நடுவில் வைத்தார்கள்.

"முப்பது சதவீதம்னா எதுவரைக்கும்டா?" என்றான் கோட்டைச்சாமி.

"அளந்தாத்தான் தெரியும்" என்று சீனிக்குட்டி ஸ்கேலை எடுத்தான். ஒவ்வொரு கார்டிலும் அளந்து, சிவப்பு மையில் கோடு போட்டான். "இந்தக் கோடு வரைக்கும்தான் நம்ம உபயோகிக்கலாம். மிச்சத்துல கைகூடப் படக்கூடாது."

மறுநாள் பெட்ரோல் பங்கில் கோட்டைச்சாமி கார்டைக் கோடு வரைக்கும் மட்டும் மெஷினில் சொருகினான். மெஷின் வாயே திறக்கவில்லை.

"அண்ணே, முழுசா சொருகுங்க" என்றாள் பங்கில் நின்ற பெண்.

"சொருகினா என் கல்யாணம் நின்னுபோயிரும்மா" என்றான் கோட்டைச்சாமி. அந்தப் பிள்ளை பாவம், என்ன நினைத்ததோ, கண் கலங்கிவிட்டது.

மளிகைக் கடையிலும் அதே கதை, மருந்துக் கடையிலும் அதே கதை. அதோடு புதுக் கணக்கு கூடாது என்றாரே, அதையும் விடவில்லை. எதிரே புதிதாக டீக்கடை வந்தது. முதலாளி பெரிய மனசு பண்ணி, "மாசக் கணக்கு வச்சுக்கங்க தம்பி" என்றார். மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

கூத்தைக் கேளுங்கள். கோடு வரைக்கும் சொருகிய கார்டை எந்த மெஷினும் ஏற்கவில்லை. அதனால் கார்டில் ஒரு ரூபாய்கூடப் புதிதாகச் செலவாகவில்லை. மைக் கட்டி வந்த காசெல்லாம் பழைய பாக்கிக்கே போனது. ஐப்பசியில் பார்த்தால் ஸ்கோர் எழுநூற்றுப் பதினைந்து! தனுஷ்கோடியே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"பரவாயில்லையே! இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. உங்க கார்டு எல்லாம் புதுசு. அதான் சராசரி வயசு கம்மியா இருக்கு. வயசு ஏறினா ஸ்கோரும் ஏறும்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தவசி கணக்குப் போட்டான்.

"நம்ம மூணு பேருக்கும் இருபத்தெட்டு, இருபத்தொம்பதுதான். சராசரி எப்படிடா ஏறும்?"

"தை வரைக்கும் எவ்வளவு வேகமா வளர்ந்தாலும் முப்பதைத் தாண்ட மாட்டோம்" என்றான் சீனிக்குட்டி.

"அப்ப வயசானவர் ஒருத்தரைச் சேர்க்க வேண்டியதுதான்!" என்று துள்ளினான் கோட்டைச்சாமி.

தெற்குத் தெருவில் வீரணன் தாத்தா இருந்தார். தொண்ணூறு தாண்டியவர். வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, தலை வாரி, பவுடர் போட்டு, சவுண்ட் சர்வீஸில் நாலாவது பங்காளி என்று சொல்லி, தனுஷ்கோடி வீட்டுக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"மாமா, இப்பச் சராசரி பாருங்க. நாப்பதைத் தாண்டிருச்சு" என்றான் கோட்டைச்சாமி.

தாத்தாவுக்குக் காது மந்தம். புது வேட்டி, பவுடர், உள்ளே ஒரு கல்யாணப் பெண். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவினார். "எனக்குச் சம்மதம். பொண்ணை வரச் சொல்லுங்க" என்றார்.

தனுஷ்கோடி ஆடிப்போனார். பூங்கோதை கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரித்து முடித்ததும் வெளியே வந்தாள்.

"அப்பா, பாக்கியை அடைச்சுட்டார். தேதி ஒண்ணுகூடத் தவறலை. சும்மா இருந்தாலே ஸ்கோர் ஏறும். நான் பொறுத்துக்குவேன். கட்டினா இவரைத்தான் கட்டுவேன்" என்றாள். கோட்டைச்சாமி அங்கேயே அழுதுவிட்டான். தாத்தாவும் ஏமாற்றத்தில் கொஞ்சம் அழுதார்.

அவள் சொன்ன மாதிரியே மார்கழிக் கடைசியில் ஸ்கோர் எழுநூற்று ஐம்பத்திரண்டைத் தொட்டது. தையில் முகூர்த்தம் வைத்தார்கள்.

கல்யாணத்துக்கு மைக் செட் வேறு யாருடையதாக இருக்கும்? சீனிக்குட்டி மணமேடைப் பக்கத்திலேயே மைக்கை நட்டுவைத்தான், இந்தத் தடவை முன்பக்கமாக. தாலியை எடுத்துக் கொடுக்கும் நேரம். தனுஷ்கோடி பாசம் பொங்கி மாப்பிள்ளையின் காதில், "அந்த முப்பது சதவீதத்தை மட்டும் மறந்துராதீங்க மாப்ளே. இனிமே எதுலயும் அதைத் தாண்டக் கூடாது" என்று சொல்லித் தொலைத்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோன கோட்டைச்சாமி அப்படியே நின்றுவிட்டான்.

"முடிச்சைப் போடுங்கோ" என்றார் ஐயர்.

"சாமி, மொத்தம் எத்தனை முடிச்சு?"

"மூணு."

கோட்டைச்சாமிக்கு முகம் வெளிறியது. "டேய் தவசி! ஒண்ணு போட்டாலே முப்பத்திமூணு சதவீதம் ஆகுதேடா!"

மைக் ஆன் ஆகி இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. பந்தியில் இருந்தவர்கள் கையில் வடையோடு எழுந்து நின்றார்கள்.

"ஒரு முடிச்சைக் கொஞ்சம் குறைச்சுப் போடேன்" என்றான் தவசி.

"முக்கால் முடிச்சு போட்டா அவுந்துருமேடா" என்றான் சீனிக்குட்டி.

"நல்ல நேரம் போகப் போறது!" என்று ஐயர் அலறினார். தனுஷ்கோடிக்கு வேர்த்து ஊற்றியது. "மாப்ளே, நான் சொன்னது கார்டுக்கு!" என்று கத்தினார். மேளச் சத்தத்தில் யார் காதில் விழுந்தது? இத்தனை பாடுபட்டு ஏற்றிய ஸ்கோர், கண்ணெதிரே பூங்கோதை. இரண்டையும் விடக் கோட்டைச்சாமிக்கு மனசில்லை.

குனிந்திருந்த பூங்கோதை தலையை நிமிர்த்தினாள். "இங்க பாருங்க. என் கழுத்துக்கு லிமிட் பத்து முடிச்சு. மூணு போட்டா கரெக்டா முப்பது சதவீதம். போடுங்க சீக்கிரம்!"

கோட்டைச்சாமி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது. மூன்றையும் போட்டுவிட்டான். மண்டபமே அட்சதையை வாரி இறைத்தது. தனுஷ்கோடி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அப்போது முன்வரிசையில் ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்திருந்த வீரணன் தாத்தா, அதே பழைய புது வேட்டியில், மெதுவாக எழுந்து மைக்கிடம் வந்தார்.

"மிச்சம் ஏழு முடிச்சு சும்மாத்தானே இருக்கு? அதுல எனக்கு ஒரு மூணு கொடுத்தா என்ன?"

தவசி மைக்கை வாங்கினான். வருத்தத்தோடுதான் சொன்னான்.

"அறுபது சதவீதம் ஆயிரும் தாத்தா. அப்புறம் பொண்ணோட ஸ்கோர் என்னத்துக்கு ஆகும்?"