கண்ணாடிச் சாலையும் கல் ஸ்பிரிங்கும்

நெடுவயல் சமஸ்தானத்து ராஜா வீரகேசரியிடம் இருந்தது ஒரே ஒரு கார். தினமும் அதில்தான் வழக்கு விசாரிக்கக் கச்சேரிக்குப் போவார். வெள்ளிக்கிழமை ராணி வடிவாம்பாளை அதில்தான் மலைக்கோவிலுக்கு அழைத்துப் போவார். சித்திரையில் ஏரி வற்றியதும், அந்தத் தரையில் பக்கத்து ஜமீன்தார்களும் தேயிலைத் தோட்டத்துத் துரைகளும் பொழுதுபோக்காக ஒரு பந்தயம் நடத்துவார்கள். அதிலும் இதே காரைத்தான் ஓட்டுவார்.

போன வருடம் தோற்றுப் போனார். ஒவ்வொரு வளைவிலும் கார் ஊஞ்சல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்ததுதான் காரணம்.

"ஓய் ராயசம்! இந்த வருடம் என்ன ஸ்பிரிங் போடலாம்?" என்று சபையில் கேட்டார் ராஜா.

ராயசம் ஆவுடைநாயகத்துக்கு அரண்மனைக் கடிதங்களை எழுதுவதுதான் வேலை. கார் கம்பெனியின் இங்கிலீஷ் புத்தகங்களையும் அவரே படித்துச் சொல்லிச் சொல்லி, மெக்கானிக்குக்குத் தெரிந்ததில் பாதி அவருக்கும் தெரிந்திருந்தது.

"நடுத்தர ஸ்பிரிங் போதும், மகாராஜா. மெத்தென்று இருந்தால் வளைவில் சாயும், கல்லாக இருந்தால் பள்ளத்தில் தூக்கிப் போடும். ஷாக் அப்சார்பரில் ஒரு திருகு வைக்கலாம். பந்தயத்தன்று இறுக்குவோம், மறுநாள் தளர்த்துவோம். முன் சக்கரம் இரண்டும் நேர் பார்த்து நிற்க வேண்டும். கோணினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டியரிங்கும் இழுக்கும்."

"நடுத்தரமா?" என்று குறுக்கிட்டார் சங்கரலிங்க பூபதி. அவர் ராணியின் அண்ணன், சமஸ்தானத்துச் சாலைகளுக்கு அதிகாரி. ஆவுடைநாயகத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "ராஜா ஓட்டும் காரில் நடுத்தர ஸ்பிரிங்கா? கல் மாதிரி ஸ்பிரிங் போடட்டும். ஆனால் தங்கச்சி கோவிலுக்குப் போகும்போது ஒரு குலுக்கல் இருக்கக் கூடாது. ராயசம்தான் பெரிய கெட்டிக்காரராயிற்றே, செய்து காட்டட்டும்!"

ராஜாவுக்கு இது பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். வெள்ளிக்கிழமை கார் தூக்கிப் போட்டால், ஓய், சனிக்கிழமை உமக்கு இங்கே வேலை இல்லை."

கோவில் சாலையின் லட்சணம் ஆவுடைநாயகத்துக்குத் தெரியும். அதைப் பற்றி வருடா வருடம் ஜனங்கள் கொடுக்கும் மனுவை எழுதுவதே அவர்தான். போன ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்திக்கு வண்டி குலுங்கிய குலுக்கலில் வழியிலேயே பிரசவமாகி, பிள்ளைக்குப் பள்ளத்துரை என்று பேர் வைத்திருந்தார்கள். மனுக்களுக்கெல்லாம் பூபதியின் பதில் ஒன்றுதான்: சாலை நன்றாக இருக்கிறது.

சட்டென்று அவர் முகம் தெளிந்தது. பூபதியின் பக்கம் திரும்பிப் பணிவாகக் குனிந்தார்.

"உத்தரவு. ஆனால் சாலை எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஸ்பிரிங்கை மாட்ட முடியும்? எஜமான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்."

சபை நடுவே வேறு என்ன எழுதுவார் மனுஷர்? 'மலைக்கோவில் சாலை நாலு மைலும் கண்ணாடி போல் இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆவுடைநாயகம் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடையில் கிடைத்ததிலேயே முரட்டு ஸ்பிரிங்கை மாட்டினார். நூல் பிடித்துச் சக்கரங்களை நேராக்கினார். வெள்ளிக்கிழமை ராஜா ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் ஆவுடைநாயகம். பின்னால் ராணியும், வேடிக்கை பார்க்க வந்த பூபதியும்.

முதல் பள்ளத்தில் ராணியின் தலை கூரையில் இடித்தது. இரண்டாவதில் பூபதி நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாவதில் ராஜாவின் தலைப்பாகை ஜன்னல் வழியே வயலுக்குப் போயிற்று. ராஜா பிரேக்கை மிதித்தார்.

"ஓய்! தூக்கிப் போடுகிறதே!"

"இல்லையே, மகாராஜா."

"என் இடுப்பு சொல்கிறதே!"

ஆவுடைநாயகம் காகிதத்தை எடுத்து நிதானமாகப் பிரித்து, கணீரென்று வாசித்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடி மேல் போகிற கார் எப்படித் தூக்கிப் போடும்? ஸ்பிரிங் கல்லாக இருந்தால் என்ன, பஞ்சாக இருந்தால் என்ன? கார் குலுங்கவில்லை. மகாராஜாவின் இடுப்பு பொய் சொல்கிறது. இல்லாவிட்டால் இந்தக் காகிதம் பொய் சொல்கிறது. எதை நம்புவது என்று அடியேனுக்குத் தெரியவில்லை."

ராணி தலையைத் தடவிக்கொண்டே திரும்பினாள். "அண்ணா, என் தலையில் வீங்கியிருக்கிறதே, இதுவும் கண்ணாடிதானா?"

பூபதி வாயைத் திறந்தார். கடிபட்ட நாக்கில் 'கண்ணாயி' என்றுதான் வந்தது.

ராஜா முறைத்தார். பிறகு மீசை துடித்தது. பிறகு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்தார். "மைத்துனரே, சாலை சீராகும் வரை ஸ்பிரிங்கை மாற்ற மாட்டோம். நீர் தினமும் பின்சீட்டில் ஏறிக் கோவிலுக்குப் போய் வர வேண்டும். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம்."

பத்தொன்பதே நாளில் சாலை சீரானது. ஆட்களோடு ஆளாகப் பூபதியே நின்று சல்லி கொட்டினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மாட்டு வண்டிகள் சத்தமில்லாமல் ஓடின. அதன் பிறகு நடுத்தர ஸ்பிரிங்கை மாட்டி, ஷாக் அப்சார்பர் திருகை இறுக்கி, ராஜா ஏரிக்குப் போனார். தோட்டத்துத் துரையை ஒரு கார் நீளத்தில் முந்தி ஜெயித்தார்.

மாலையும் கழுத்துமாகத் திரும்பியவர் கேட்டார்: "இப்போது சொல்லும், ஓய். உலகத்திலேயே நல்ல ஸ்பிரிங் எது?"

"சாலை அதிகாரியைப் பின்சீட்டில் உட்கார வைப்பதுதான், மகாராஜா. அதைவிட நல்ல ஸ்பிரிங்கை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி ராயசத்துக்குப் போட்டார்.

"பலே! இன்று முதல் சமஸ்தானத்துச் சாலையெல்லாம் உம் பொறுப்பு" என்றவர், காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறும், ஓய். வடக்கே இருபது மைல் சாலை பாக்கி இருக்கிறது. அந்தக் கல் ஸ்பிரிங்கை மறுபடி மாட்டச் சொல்லிவிட்டேன்."