கயித்தானுக்குக் கிடைத்த சம்மனசு

இந்தக் கதையில் ஒருவர் வயிறு குலுங்கச் சிரிக்கப் போகிறார். யார், எப்போது என்று இப்போதே கேட்கக் கூடாது. கதை தவக்காலத்தில் நடக்கிறது. நாற்பது நாள் பொறுங்கள்.

கயித்தானுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பத்தைந்து வருடம் கடலில் போனது. ஞாயிறு பூசை முடிந்ததும் பிலோமினா சிஸ்டர் பள்ளிக்கூடத்தில் விவிலிய வகுப்பு எடுப்பார். அங்கே முதல் பெஞ்சில், மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கயித்தான்தான். சிஸ்டருக்கு வயது முப்பதுதான். பேச்சு குறைவு. பேசினாலும் பாதி நேரம் அடுத்தவர் குரலில்தான் பேசுவார்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் கடற்கரையில் ஒரு சண்டை. வள்ளத்தை எங்கே நிறுத்துவது என்று தொடங்கிய பேச்சு. கயித்தான் கத்தியை எடுத்து மனைவியின் தம்பி எஸ்தாக்கியின் வலையைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துவிட்டார். அன்றிலிருந்து எஸ்தாக்கி கடலுக்குப் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கயித்தான் நற்கருணை வாங்க எழுந்திருப்பதும் இல்லை.

சாம்பல் புதனன்று சிஸ்டரிடம் வந்தார்.

"சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் சிஸ்டர். மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாங்க."

சிஸ்டர் மூக்கடைத்த சாமியாராக மாறினார். "'மகனே, மூன்று. சமாதானமாய்ப் போ. அடுத்தவர் வரலாம்!'"

"வெளையாடாதீங்க சிஸ்டர். அத்தனை கண்ணி அறுத்திருக்கேன். மூணு மந்திரத்துல தீருமா? எவ்வளவு பரிகாரம் பண்ணினா தீரும், அதைச் சொல்லுங்க."

சிஸ்டர் எழுந்து கிளம்பினார். எஸ்தாக்கி வீட்டுக்குப் போய் அந்த வலையை வாங்கி வந்து பள்ளிக்கூட வராந்தாவில் போட்டார்.

"அறுந்த கண்ணியெல்லாம் அடைச்சு முடிங்க. உயிர்ப்பு ஞாயிறுக்குள்ள."

"முடிச்சா தீந்துருமா?"

"முதல்ல முடிங்க. முடிஞ்ச பக்கத்தை நான் சுருட்டி வச்சிருவேன். அதை விரிச்சுப் பாக்கக் கூடாது. திரும்பிப் பாத்த லோத்து பொண்டாட்டி என்ன ஆனா?"

"உப்புத் தூணா ஆனா."

"நம்ம ஊர்ல ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி."

விடியுமுன் கடலுக்குப் போய் மதியம் கரையேறுவார் கயித்தான். ஒருசந்தி பிடித்தார்; ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் சாயங்காலம்தான். வெறும் வயிற்றோடு வலை ஊசியை எடுத்து உட்கார்ந்துவிடுவார்.

முதல் வாரமே அவருக்குக் குழப்பம்.

"நேத்து நான் விட்ட இடம் இது இல்லையே சிஸ்டர்."

"அப்படியா?"

"ஒரு முழம் கூடுதலா அடைஞ்சிருக்கு."

"அப்படியா?"

கயித்தான் குரலைத் தாழ்த்தினார். "சம்மனசு வருது சிஸ்டர், ஆண்டவரோட தூதன். வானத்துலேருந்து எறங்கி வந்து அடைச்சிட்டுப் போகுது. என் ஒருசந்தியை ஆண்டவர் ஏத்துக்கிட்டார்."

சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஜெபம் பண்ணுகிறார் என்று கயித்தான் தொப்பியைக் கழற்றினார்.

மறுநாள் முதல் சாயங்காலச் சோற்றையும் நிறுத்திக் கஞ்சித் தண்ணீராக்கினார். கை நடுங்கியது. சம்மனசோ இரண்டு முழமாகக் கூட்டியது. கயித்தானுக்கு நிலைகொள்ளவில்லை. டீக்கடையில் சொன்னார், ஏலக்கூடத்தில் சொன்னார்.

"ஓய் கயித்தான்," என்றார் மீன் ஏலம் போடுகிறவர், "ஒம்ம சம்மனசை எங்க வீட்டுப் பக்கமும் அனுப்பும். அஞ்சு வலை கெடக்கு."

இவ்வளவு பெருமைக்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. வலை முடிந்துவிடும். அதைக் கொண்டுபோய் எஸ்தாக்கி வாசலில் போடும்போது அவன் கதவைச் சாத்திவிட்டால்?

பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடப் போன வரிசையில் எஸ்தாக்கி முன்னால் நின்றான். திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான். கயித்தான் சட்டென்று வரிசையை விட்டு விலகி, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. காலைப் பூசை முடிந்ததும் சிஸ்டர் வலையைக் கோயில் மணலில் முழுசாக விரித்தார்.

"இப்பப் பாக்கலாம்."

"உப்புத் தூணு?"

"அதெல்லாம் நேத்தோட சரி. உங்க முடிச்சு எது, சம்மனசு முடிச்சு எது, காட்டுங்க."

கயித்தான் குனிந்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு முழம். பத்து முழம். முடிச்செல்லாம் எதிர்ப்பக்கமாகவே சாய்ந்திருந்தது.

"சிஸ்டர், சம்மனசுக்கு இடது கைப் பழக்கமா?"

"சில பேருக்கு இருக்கும்."

"என் முடிச்சு ஒண்ணையும் காணோமே."

"பட்டினியில உங்க கை நடுங்கிச்சு. ஒண்ணும் இறுகல. அதையும் அவுத்துப் போட வேண்டியதாப் போச்சு."

இன்னும் கொஞ்சம் தடவினார். சில முடிச்சுகளில் பழுப்புக் கறை. நைலான் நூல் அறுத்த விரலின் ரத்தம். கயித்தானின் கை நின்றது. கல்யாணமான புதிதில், பன்னிரண்டு வயது மைத்துனனைப் பக்கத்தில் வைத்து வலை முடிச்சுக் கற்றுக்கொடுத்தார். 'சோத்துக் கையில போடுல' என்று எத்தனை தடவை தட்டினாலும் அந்தப் பயலுக்கு இடது கைதான் வந்தது.

"நான் கடலுக்குப் போன நேரத்துல வந்தானா?"

"வலை இல்லாத ஆளுக்குக் காலையில வேற என்ன வேலை?"

"தெனமுமா?"

"தினமும்."

"அறுத்தவன் நான் சிஸ்டர். அவன் எதுக்கு ஒக்காந்து அடைச்சான்?"

"நானும் கேட்டேன்."

சிஸ்டர் கழுத்தைச் சாய்த்தார். வெற்றிலை அடக்கிய வாய், மூச்சை இழுத்து இழுத்துப் பேசும் பேச்சு, எஸ்தாக்கியே வந்து நின்ற மாதிரி இருந்தது.

"'அத்தான் பரிகாரத்தை முடிச்சிட்டு வரட்டும்னு இருந்தா, இன்னும் பத்து உயிர்ப்பு ஞாயிறு போயிரும் சிஸ்டர். எனக்கு எங்க அத்தான் இந்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வேணும்.'"

கயித்தான் வலையைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார்.

"அந்தப் பயலையா," என்றார், "நான் சம்மனசுன்னு ஊரெல்லாம்…"

சிரிப்பு மேலே சொல்ல விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.