செண்பகாவின் நான்கு விநாடி

இந்தக் கதைக்குக் கண் வேண்டாம், காதைத் தீட்டிக்கொண்டால் போதும். விடை நடுவிலேயே கிடக்கிறது. தவறவிட்டுவிட்டு என்னிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சினிமாவில் ட்ராக் பாடுவது என்று ஒரு வேலை உண்டு. பெரிய பாடகி கேட்டுப் பழகுவதற்காக முதலில் வேறொருத்தி பாடி வைப்பாள். பெரியவர் பாடி முடித்ததும் அந்தக் குரலை அழித்துவிடுவார்கள். கறிவேப்பிலை பாடுதான். இசையமைப்பாளர் தேவசகாயத்திடம் செண்பகா அப்படிப் பதினொரு பாட்டுப் பாடினாள். பதினொன்றும் அழிந்தன.

பன்னிரண்டாவது, ஒரு பேய்ப் படத்துப் பாட்டு. “இது உன் குரல்லயே வரும்மா. சத்தியம்” என்றார் அவர்.

“எங்கப்பா தியேட்டர்ல உக்காந்து கேக்கணும் சார். அது போதும்.”

பாட்டின் கடைசிச் சொல் ‘வா’. அங்கே வாத்தியங்கள் எல்லாம் அடங்கிவிடும். செண்பகாவுக்கு மூச்சு நீளம். அந்தச் சொல்லை இழுத்துப் பாடினாள்.

தயாரிப்பாளர் ரத்னவேலுவோ, புகழ்பெற்ற நந்திதாதான் பாட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தேவசகாயம் தலையாட்டிவிட்டார். செண்பகாவிடம் சொல்லத் துணிவதற்குள் அவள் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள்.

நந்திதா வந்தாள். மெட்டு பிடிபடாமல், “ட்ராக்கை நல்லா சத்தமா வைங்க” என்றாள். ஹெட்போனை ஒரு காதில் வைத்து, மறுபக்கத்தைக் கழுத்தோரம் தொங்கவிட்டுப் பாடுவது அவள் வழக்கம். கடைசிச் சொல்லை இழுக்காமல் சட்டென்று நிறுத்தினாள். அன்று மாலையே தேவசகாயம் தன் கையாலேயே செண்பகாவின் ட்ராக்கை அழித்தார்.

மறுவாரம் பாட்டைப் போட்டுக் கேட்டார்கள். நந்திதாவின் குரல் நின்றது. அதன்பின், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இன்னொரு குரல் ‘வா...’ என்று நான்கு விநாடி கூப்பிட்டது. யார் குரல் என்று தேவசகாயத்துக்குத் தெரியும்.

“அழிச்சிடுங்க சார். மூணு நாளா தூக்கமே இல்ல. அவ என்னைத்தான் கூப்பிடறா” என்று மூன்றாம் நாள் வந்து அழுதாள் நந்திதா.

“செத்தவ பாடினதுன்னு போஸ்டர் அடிப்போம். படம் பிச்சுக்கும்” என்றார் ரத்னவேலு.

சேதி கேட்டு, செண்பகாவின் அப்பா அய்யாவு திண்டிவனத்திலிருந்து வந்தார். பஸ் கண்டக்டர். நாலு தரம் போடச் சொல்லிக் கேட்டார். “எம்பொண்ணு பேய் இல்லீங்க. படத்துல வேணாம். அந்தச் சத்தத்த மட்டும் வெட்டிக் குடுங்க, ஊட்டுக்கு இட்டுனு போறேன்.”

அழித்த குரல் எப்படி வந்தது? மூவரில் யார் பேச்சைத் தேவசகாயம் கேட்பது சரி?

*

விடை: கழுத்தோரம் தொங்கிய ஹெட்போனிலிருந்து கசிந்த குரல் நந்திதாவின் மைக்கில் ஏறிவிட்டது. அவள் நிறுத்திய இடத்தில் வாத்தியமும் இல்லாததால் அது தனியாகக் கேட்டது. ஆகவே நந்திதாவின் பயம் வீண், ரத்னவேலுவின் போஸ்டர் பொய். அய்யாவுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் சத்தியம் செண்பகாவுக்குச் செய்தது. அதை விட்டுக்கொடுக்க அவள் ஒருத்தியால்தான் முடியும், அவளோ இல்லை. மூவர் பேச்சையும் விட்டு, செத்தவள் பேச்சைக் கேட்பதே சரி. அவள் ஆசையைச் சொன்னதும் அய்யாவு மறுக்கவில்லை. பேய் என்ற பேச்சே இல்லாமல், நந்திதாவின் பெயருக்குப் பக்கத்தில் செண்பகாவின் பெயரும் வந்தது.

முதல் காட்சியில் அந்த ‘வா...’ கேட்டதும் கொட்டகையே உறைந்துபோனது. மூன்றாவது வரிசையில் மட்டும் ஒருவர் எழுந்து நின்று பதில் சொன்னார்:

“தோ, வந்துட்டேன் கண்ணு.”