காத்தாடிமேட்டில் பந்து நிற்பதில்லை

ஈரோட்டில் வெள்ளிங்கிரி என்று ஒரு சீடர் இருந்தார். சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு இருபத்தொன்பது. உங்களுக்குச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், முதலில் சிரித்தவரே அந்தச் சீடர்தான்.

கற்றுக்கொண்ட வித்தை கம்ப்யூட்டர் கோல்ஃப். விளையாடுவது இல்லை, விளையாடுகிறவர்களுக்கு மைதானம் கட்டுவது. பல வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு விளையாட்டு அது. செய்த கம்பெனிக்காரர்களே அதை மறந்துவிட்டார்கள். ஆனால் போகிற போக்கில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போனார்கள். யார் வேண்டுமானாலும் சொந்தமாக மைதானம் கட்டிக்கொள்ளும்படி ஒரு கருவியை அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள். அவ்வளவுதான், ஜனம் பிடித்துக்கொண்டது. சிலியில் ஒருவர் பாலைவனத்தைக் கட்டினார். நார்வேயில் ஒருவர் பனியைக் கட்டினார். குழி என்றால் வெறும் ஓட்டை இல்லை, பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஓட்டை வரைக்கும் உள்ள நிலம் முழுவதும் சேர்ந்ததுதான் ஒரு குழி. அப்படிப் பதினெட்டுக் குழி கட்டி முடித்ததும் ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்துவிடுவார்கள்.

வெள்ளிங்கிரி முப்பத்துமூன்று வருஷம் ரோடு போட்டவர். கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதம், மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் அந்தக் கருவியைப் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் மண் மேடாகிறது. இன்னொன்றை அழுத்தினால் பள்ளமாகிறது. லாரி வேண்டாம், டெண்டர் வேண்டாம், கவுன்சிலர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கமாட்டார். மனுஷன் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டையே மறந்தார்.

குருவின் பெயர் பூங்கோதை. பெருந்துறை ரோட்டில் ஒரு லேபில் பல் செட்டு செய்கிறவள். அவள் கட்டிய மைதானங்களை நாற்பது நாட்டில் விளையாடுகிறார்கள். வருஷாந்திரப் போட்டிக்கு நம் பக்கத்திலிருந்து வருகிற மைதானங்களை ஆடிப் பார்த்துச் சேர்ப்பதும் தள்ளுவதும் அவள் பொறுப்பு. இணையக் குழுவில் அவளை இரண்டு வருஷம் 'சார்' என்றே எழுதிக்கொண்டிருந்தார் வெள்ளிங்கிரி. ஒரே ஊர் என்று தெரிந்து நேரில் போய்ப் பார்த்தால் சார் இல்லை, அவருடைய சின்ன மகள் வயசுப் பெண். அசடு வழிவதை மறைக்க 'குருவே' என்றார். அது அப்படியே நிலைத்துவிட்டது. பொறுமை போகும்போது மட்டும் 'அம்மிணி' என்பார்.

அவர் கட்டிய மைதானம் காத்தாடிமேடு. ஏழு மாச வேலை. பனைமரங்கள், வாய்க்கால், பாறை, மேட்டின் மேல் சுற்றுகிற காற்றாலைக் காத்தாடிகள். பார்க்க அத்தனை அழகு, அதில் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. போட்டிக்கு ஒரு மைதானத்தை மூன்று தடவைதான் அனுப்பலாம் என்று விதி. மூன்றாவது தடவையும் திரும்பினால் அந்த மைதானம் அதோடு சரி.

முதல் தடவை அனுப்பினார். 'பந்து ஓடுது' என்று எழுதித் திருப்பினாள்.

இவ்வளவுதானே என்று புல்லை அடர்த்தியாக்கி மறுபடியும் அனுப்பினார். 'இன்னும் ஓடுது' என்று வந்தது.

வெள்ளிங்கிரி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக லேபுக்குப் போனார். பூங்கோதை ஒரு மேல்செட்டு பல்லைச் சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றிக்கொண்டிருந்தாள்.

"குருவே, என்ன குறைன்னு விவரமாச் சொல்லுங்க."

"எழுதியிருந்தேனுங்களே அண்ணா."

"ரெண்டு வார்த்தை எழுதுனீங்க. நான் ஒரு பாலத்துக்கு அம்பது பக்கம் எழுதினவன்."

"குழுவுல போட்டீங்களே, எத்தனை பேர் இறக்கிக்கிட்டாங்க?"

"நானூறு பேருக்கு மேல."

"பதினெட்டுக் குழியும் முடிச்சது?"

"ஆறு பேர்."

"அதுல நீங்களும் ஒருத்தருங்களா?"

"நான் ஒண்ணு. எங்க மருமகன் ஒண்ணு."

"மருமகன் முடிச்சாருங்களா?"

"முடிக்க வெச்சேன்."

பூங்கோதை சக்கரத்தை நிறுத்தினாள். வெள்ளிங்கிரி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெல்மெட் மடியில் இருந்தது.

"குருவே, மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். முப்பத்துமூணு வருஷம் நான் போட்ட ரோட்டுல எல்லாரும் போயிட்டே இருந்தாங்க. அது ரோடு, போகத்தான் வேணும், அதுல எனக்கு வருத்தமில்லை. இது ஒண்ணாவது நாலு பேர் வந்து இருக்கற எடமா அமையணும்னு ஆசைப்பட்டேன். இதுலயும் ரெண்டாவது குழியோட கெளம்பிப் போயிடறாங்க. ஏன் போறாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

பூங்கோதை பல் செட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வரட்டுங்களா?"

சந்தேகம் கேட்கப் போனவரிடம் சாப்பாடு கேட்கிறாள். குரு என்றால் இப்படித்தான், நாம் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வெள்ளிங்கிரியின் மனைவி மயிலாத்தாள் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டைச் சுற்றிக் காட்டினார் வெள்ளிங்கிரி. அந்த வீட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். அது தண்ணீர் நிற்காத வீடு. அவரே பக்கத்தில் நின்று கட்டியது. கொத்தனார்கள் குளியலறைக்கும் மொட்டை மாடிக்கும் வாட்டம் வைப்பார்கள், தண்ணீர் சரிந்து ஓட. இவர் கூடத்துக்கு வைத்தார், சமையலறைக்கு வைத்தார், பூஜை அறைக்கும் வைத்தார்.

"பாருங்க குருவே," என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் கூடத்தின் நடுவில் ஊற்றினார். தண்ணீர் வழி கேட்காமல் வாசலைத் தாண்டிப்போய் ஜலதாரையில் விழுந்தது. "நாப்பதடிக்கு ஒரு அடி. பதினோரு வருஷமாச்சு, ஒரு சொட்டு எங்கயும் நின்னதில்லை."

"சொட்டு மட்டுமா?" என்றார் மயிலாத்தாள். "இவர் வீட்டுல கையிலிருந்து ஒரு வெங்காயம் நழுவினா நான் ஜலதாரையில போய்த்தான் பொறுக்கோணும்."

"அக்கா, நல்ல உருண்டையா ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்க," என்றாள் பூங்கோதை.

பழத்தை வாங்கிக் கூடத்தில் வைத்தாள். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாக உருண்டு, வாசல்படி இறங்கி, ஜலதாரைக்குப் போய்விட்டது. எடுத்து வந்து சமையலறையில் வைத்தாள். அங்கிருந்தும் கிளம்பியது. வெள்ளிங்கிரி காலை வைத்துத் தடுத்தார்.

"காலை எடுங்கண்ணா."

எடுத்தார். பழம் போய்விட்டது.

"இந்தப் பழம் நிக்கற எடம் ஒண்ணு காட்டுங்க. அப்புறம் சாப்பிடலாம்."

இதென்ன பெரிய விஷயம் என்று பழத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார் வெள்ளிங்கிரி. படுக்கை அறையில் வைத்தார், கட்டிலுக்கு அடியில் ஓடியது. கார் நிறுத்துகிற இடத்தில் வைத்தார், கேட்டுக்கு ஓடியது. மொட்டை மாடிக்கு ஏறிப்போய் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. மனுஷனுக்கு வேர்த்துக்கொட்டியது.

கடைசியில் புழக்கடைக்கு வந்தார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தரை உள்வாங்கியிருந்தது. பழத்தை விட்டார். உருண்டு போய் அதற்குள் விழுந்து நின்றது.

"இது கொத்தனார் பண்ணின தப்பு," என்று அவசரமாகச் சொன்னார். "ஒடைச்சுட்டு மறுபடி பூசலாம்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். இவ விடமாட்டேங்கறா."

"ஏனுங்கக்கா விடலை?"

மயிலாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்தார்.

"வெயில் காலத்துல மத்தியானம் துவைச்ச தண்ணி அதுல தேங்கி நிக்கும். வேலையெல்லாம் முடிச்சுட்டு செருப்பைக் கழட்டிப்போட்டு அதுல கொஞ்ச நேரம் நிப்பேன். இந்த வீட்டுல எனக்குன்னு நிக்கற எடம் அது ஒண்ணுதான் அம்மிணி."

பதினோரு வருஷம். வெள்ளிங்கிரிக்கு இது தெரியாது. கேட்டதுமில்லை. பழத்தை எடுக்கக் குனிந்தவர், எடுக்காமலே நிமிர்ந்தார்.

ஆனால் அதற்காக உடனே ஞானம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ரோடு போட்டவர் அவ்வளவு சுலபமாக இறங்கிவரமாட்டார். இலையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"வீடு வேறங்க குருவே, மைதானம் வேற. மைதானத்துல தண்ணி நின்னா புல்லு அழுகிடும். அதனால பதினெட்டுக் குழிக்கும் சுத்தமா வாட்டம் கொடுத்திருக்கேன்."

"அந்த விளையாட்டுல மழை பெய்யுமுங்களா அண்ணா?"

"பெய்யாது."

"அப்புறம்?"

வெள்ளிங்கிரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பெஞ்சா?" என்றார்.

மயிலாத்தாள் சிரித்த சிரிப்பில் குழம்புக் கரண்டி ஆடியது. வெள்ளிங்கிரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூங்கோதை மட்டும் சிரிக்காமல் கோழிக்காலைக் கடித்தாள். கை கழுவியதும் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் ஒரு தடவைதான் அனுப்ப முடியும். பார்த்து அனுப்புங்க."

மறுநாள் காலை வெள்ளிங்கிரி மைதானத்தைத் திறந்து ஒவ்வொரு குழியாக அளந்தார். எங்கே பார்த்தாலும் வாட்டம். யாரும் கேட்காமலே அவர் கை போட்ட வாட்டம். ஒருவன் வாய்க்காலைத் தாண்டி அருமையாக அடிக்கிறான், பந்து சரியான இடத்தில் விழுகிறது, விழுந்ததும் சறுக்கிக்கொண்டு போய் முள்ளில் புகுந்துகொள்கிறது. நன்றாக அடித்தவனுக்கும் முள், மோசமாக அடித்தவனுக்கும் முள். அவன் எத்தனை தடவைதான் பொறுப்பான்?

சரி, பள்ளம் பறிப்போம் என்று மூன்றாவது குழியில் ஒரு இடத்தை அழுத்தினார். அழகாக அமிழ்ந்தது. அடுத்த நிமிஷம் அவர் கையே அதை நிரப்பிவிட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி நிரப்பினார். இரண்டு நாள் இதே கூத்து. பள்ளத்தைப் பார்த்தாலே அவருக்கு யாரோ விழுந்து கையை முறித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் மனைவியைக் கூப்பிட்டார்.

"மயிலு, இப்பிடிப் பக்கத்துல உக்காரு. நான் பள்ளத்தை மூடப்போனா கையிலயே ஒண்ணு போடு."

மயிலாத்தாள் முருங்கைக்கீரையோடு வந்து உட்கார்ந்தார். பதினோரு வருஷத்துக் கணக்கையும் சேர்த்துத்தான் போட்டார். வலித்தது. ஆனால் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. கீரை உருவிக்கொண்டே பார்த்தவருக்கு நாலாவது நாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"அங்க எதுக்குங்க வெக்கிறீங்க? அங்க நின்னா பாறை முதுகுதான் தெரியும். கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க, பனைமரம் தெரியட்டும்."

தள்ளினார். தெரிந்தது. அதற்கப்புறம் எந்த இடம் என்று மயிலாத்தாள் சொன்னார், எவ்வளவு ஆழம் என்று வெள்ளிங்கிரி சொன்னார். தினமும் சமையல் ஆனதும் உட்கார்ந்துவிடுவார்கள். இருபது நாளில் பதினெட்டுக் குழியும் முடிந்தது.

போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள். காலையில் அனுப்பிவிட்டு மத்தியானம் லேபுக்குப் போனார் வெள்ளிங்கிரி. இந்தத் தடவை பயம் இல்லை. திரும்பினால் திரும்பட்டும், மைதானம் சரியாக வந்திருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"அண்ணா, ரெண்டு மணிக்கு மூணு செட்டு டாக்டருக்குப் போகணும். நான் சீக்கிரம் ஆடிடறேன்," என்று சொல்லிவிட்டு, தயிர்சாதத்தை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள் பூங்கோதை. சிட்டாய்ப் பறந்தாள். பந்து விழுந்த மாத்திரத்தில் அடுத்த அடி, குழியில் போட்டதும் அடுத்த குழி. முக்கால் மணி நேரத்தில் பதினெட்டும் முடிந்தது. ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"சேர்த்தாச்சுங்கண்ணா."

வெள்ளிங்கிரிக்குச் சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. மயிலாத்தாளுக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தவர், அப்படியே நிறுத்தினார்.

"குருவே, சேர்த்தது இருக்கட்டும். மைதானம் எப்பிடி இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

பூங்கோதை மூன்றாவது குழியை மறுபடி திறந்தாள். ஒரு அடி அடித்தாள். பந்து வாய்க்காலைத் தாண்டி விழுந்தது, சரிவில் உருண்டது, வேகம் குறைந்தது, பள்ளத்தில் இறங்கி நின்றது. பந்து நின்ற இடத்திலிருந்து பார்க்கிற மாதிரி திரை மாறியது. ஐந்து பனைமரம். அதற்குப் பின்னால் மேடு. மேட்டின் மேல் காத்தாடி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த அடி அடிக்கவேண்டியவள், மவுஸிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

மேஜை மேல் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"அம்மிணி, டாக்டர் கூப்பிடறாரு."

அவள் திரும்பவில்லை.

"ரெண்டு மணியாகப்போகுது அம்மிணி. பந்தை அடிச்சுட்டுக் கெளம்புங்க."

"இருங்கண்ணா," என்றாள் பூங்கோதை. "இப்பத்தானே வந்தேன்."